எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு: பூச்சியம்மா பதில்கள்

மழை இரண்டு தரம் பெய்து முடிந்ததும் எனக்குத் தபால் கூடிவிடும். துளிர் விட்டால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பூச்சியம்மாவுக்குக் கடிதம் வரும். இந்த மாதம் வந்த உறைகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: இலையில் வளைந்து வளைந்து ஒரு வெள்ளிக் கோடு. இரண்டு பேர் இலையையே மடித்து வைத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு இலையிலிருந்து பூச்சியே வெளியே வந்து உறைக்குள் செத்துக் கிடந்தது. ஆகவே இந்த முறை முழுக்க இலைக்குள் குடியிருப்பவர்களைப் பற்றியே பேசிவிடலாம்.

எங்கள் வீட்டுத் தொட்டி எலுமிச்சையில் இளம் இலைகளெல்லாம் நத்தை ஊர்ந்தது போல வெள்ளிக் கோடாக இருக்கிறது. இலை சுருண்டும் போகிறது. எலுமிச்சையில் இப்படி வந்தால் யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று எதிர்வீட்டு அத்தை சொல்லிவிட்டார். மாமியாரும் நம்பிவிட்டார். செடியைப் பிடுங்கி முச்சந்தியில் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது அம்மா?
*— வாசகி, சங்கரன்கோவில்*

பிடுங்காதே தாயி. முதலில் மாமியாரை வாசலுக்குக் கூப்பிட்டு, ஒரு இலையை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டு. வெள்ளிக் கோட்டின் நடுவே மயிரிழை மாதிரி கறுப்பாய் ஒரு வரி கூடவே ஓடும். அது புழு போட்ட எச்சம். செய்வினை எச்சம் போடாது.

கோடு எங்கே அகலமாக இருக்கிறதோ அந்த முனையைப் பார்க்கச் சொல். வெளிர் மஞ்சளாக, காலே இல்லாமல், தட்டையாக ஒரு புழு அங்கே படுத்திருக்கும். நன்றாக வளர்ந்ததே 3 மி.மீ. தான் இருக்கும். கோடு மெல்லியதாகத் தொடங்கும் இடம் அது பிறந்த இடம். புழு பெருக்கப் பெருக்கக் கோடும் பெருக்கிறது. ஒரு இலையை வைத்தே ஒரு பிராணியின் முழு ஜாதகத்தையும் படித்துவிடலாம்.

இதன் தாய் ஒரு குட்டி அந்துப்பூச்சி. சிறகை முழுக்க விரித்தாலும் 4 மி.மீ. அளவுதான். வெள்ளிப்பொடி பூசின மாதிரி இருக்கும், முன்சிறகின் நுனியில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில், கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருந்த அதைத் தூசி என்று நினைத்து ஊதிவிட்டேன். அன்று வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது.

பொழுது சாய்ந்த பிறகுதான் அது நடமாடும். துளிர் இலையாகப் பார்த்து, பெரும்பாலும் அடிப்பக்கம், நடு நரம்பை ஒட்டி ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கும். முட்டை ஒரு பனித்துளி போல இருக்கும், மூன்றில் ஒரு மி.மீ. கூட வராது. அது பொரிவதுதான் அழகு. புழு முட்டையின் மேல்பக்கமாக வெளியே வருவதில்லை. அடியைத் துளைத்து நேராக இலைக்குள் போய்விடும். புழுவாக இருக்கும் காலம் முழுதும் வெளிக்காற்று அதன் மேல் படாது. இலையின் மேல்தோலை மட்டும் கிளப்பிக்கொண்டு, கத்தரி மாதிரியான வாயால் அங்கிருக்கும் செல்களை வெட்டி வெட்டிச் சாற்றைக் குடித்துக்கொண்டே நகரும். தோலுக்கும் இலைக்கும் நடுவில் காற்றுப் புகுந்துவிடுவதால்தான் அந்த வெள்ளி மினுமினுப்பு. இலையில் நத்தை ஏறவும் இல்லை, நாகம் ஏறவும் இல்லை.

கடைசிப் பருவத்தில் சாப்பாட்டை நிறுத்திவிடும். இலையின் ஓரத்துக்கு வந்து நூல் விட்டு ஓரத்தைத் தன் மேல் மடித்துக்கொண்டு கூட்டுப்புழுவாகும். இலை சுருண்டிருப்பது இதனால்தான். முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை வெயில் காலத்தில் இரண்டே வாரம். நல்ல குளிரில் ஒன்றரை மாதத்துக்கு மேலும் இழுக்கும்.

உன் செடிக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஓரம் மடிந்திருக்கும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அமுக்கு. சின்னதாய் 'டப்' என்று ஒன்று உடையும். தினமும் காலை காப்பி குடிக்கும் நேரத்தில் பத்து இலை பார்த்தால் போதும். கோடு விழுந்த இலைகளைக் கிள்ளி எறியாதே, அதில் மிச்சமிருக்கும் பச்சையும் செடிக்குச் சோறு போடுகிறது. இன்னொன்று, எல்லா இலையையும் கிள்ளினால் செடி பதறிப்போய் மறுபடி துளிர் விடும். அந்தத் துளிர் பூச்சிக்கு இன்னொரு பந்தி.

எதிர்வீட்டு அத்தைக்கு முதல் காய்ப்பில் நாலு பழம் கொடு.

இரண்டு ஏக்கரில் எலுமிச்சை வைத்து இரண்டு வருடம் ஆகிறது. பூச்சிமருந்துக் கடையில் சொன்னபடி மூன்று மருந்தை மாற்றி மாற்றி வாரம் ஒரு முறை அடித்துவிட்டேன். கோடு குறையவே இல்லை. மருந்து போலியா, பூச்சி பழகிவிட்டதா?
*— விவசாயி, புளியங்குடி*

மருந்து அசலாகவே இருக்கலாம். தப்பு நேரத்தில் அடித்திருக்கிறீர்கள்.

இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நானே செய்த காரியம். ஆய்வுக்கூடத்தில் நாள் பூராவும் பூச்சியோடு இருந்தவள், வீட்டுக் கொல்லையில் 40 எலுமிச்சைக் கன்று வைத்தபோது புத்தி வேலை செய்யவில்லை. கோட்டைப் பார்த்ததும் அடித்தேன். மறுவாரம் புதுக் கோடு, மறுபடி அடித்தேன். ஒன்றரை மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் லென்ஸை எடுத்துக்கொண்டு போய் மடிந்த ஓரங்களைப் பிரித்துப் பார்த்தால், அங்கங்கே அந்துப்பூச்சிக் கூட்டுக்குப் பதில் குட்டிக் குட்டிக் குளவிக் கூடுகள். புழுவைத் தின்று வளர்கிற அந்தக் குளவிகள் பாதி வெளியே வந்த நிலையில் செத்து ஒட்டிக்கொண்டிருந்தன. என் கூலியாட்களை நானே கொன்றிருக்கிறேன். என் அம்மா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "இலை முத்தினா தானா நிக்கும்டி, எதுக்குக் காசைக் கரைக்குற" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடமே போகாத அம்மா சொன்னதுதான் சரியாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். கோடு உங்கள் கண்ணில் பளிச்சென்று படும்போது புழு அதன் சாப்பாட்டை முக்கால்வாசி முடித்திருக்கும். அது தோலுக்கு அடியில் கூரை போட்டுக்கொண்டு இருக்கிறது, மேலே தெளிக்கிற மருந்து கூரையில்தான் விழும். நீங்கள் அடித்த நாலாம் நாள் விரிகிற துளிரில் மருந்தே கிடையாது. தாய்ப்பூச்சி அங்கே போய் முட்டை வைக்கும். செடிக்குள் ஏறுகிற மருந்து என்று ஒன்று கொடுப்பார்கள். துளிரும் பூவும் சேர்ந்து வருகிற பயிர் இது, பூவில் தேனீ மொய்க்கிற நேரத்தில் அந்த வகை மருந்துப் பக்கமே போகாதீர்கள்.

இந்தப் பூச்சிக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. முத்திய இலையில் அதால் எதுவும் செய்ய முடியாது. துளிர் விட்டு இலை தடிக்கிற வரைதான் அதன் காலம். அதனால் நம் கையில் இருக்கிற கடிவாளம் துளிர்தான். மரம் முழுக்க ஒரே சமயத்தில் துளிர்த்து ஒரே சமயத்தில் முத்தினால் பூச்சிக்கு அடுத்த பந்தி கிடையாது. யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எப்போதும் போட்டுக்கொண்டே இருந்தால் மரமும் எப்போதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அடிமரத்திலிருந்து நெட்டையாகக் கிளம்பும் போத்துகளை உடனே ஒடித்துவிடுங்கள். அவை காய்க்கப் போவதும் இல்லை, பூச்சிக்கு விடாமல் சோறு போடுவதும் அவைதான். கவாத்தை மழைத் துளிர் நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடித்தே ஆக வேண்டும் என்றால் வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 சதவீதம். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, துளி காதி சோப்பு கரைத்து, சாயங்காலமாக அடியுங்கள். துளிர் விரல் நீளம் வரும்போது ஒரு தரம், இலை தடிக்கும் வரை வாரம் ஒரு தரம். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

இவ்வளவும் கன்றுகளுக்குத்தான். நாலு வயது தாண்டிய மரத்தில் கோடு விழுந்தால் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், மகசூலில் பெரிதாக ஒன்றும் குறையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கோடு ஓடிய இடத்திலேயே பழுப்பு நிறத்தில் சொரசொரவென்று மேடு தட்டி, சுற்றிலும் மஞ்சள் வளையம் வந்தால் அது சொறி நோய். அது பாக்டீரியா வேலை. புழு கிளப்பிவிட்ட தோல் அதற்குத் திறந்த வாசல், மழைச் சாரலில் உள்ளே போய்விடும். நம் எலுமிச்சை இந்த நோய்க்கு மிகவும் இளக்காரம். உங்கள் கன்றுகளுக்குப் புழுவை விட இதுதான் பெரிய பயம்.

இந்தப் பூச்சியும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே? பார்த்தீனியம், மாவுப்பூச்சி எல்லாம் அப்படித்தானே வந்தது?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி*

இல்லை ஐயா. இந்தத் தடவை நாம்தான் அனுப்பியிருக்கிறோம். ஸ்டெய்ன்டன் என்ற ஆங்கிலேயர் 1856-ல் இதற்குப் பெயர் வைத்து எழுதினார். அவர் கையில் இருந்த பூச்சிகள் கல்கத்தாவிலிருந்து போனவை. ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்பது அதன் முழுப் பெயர். அதற்குமுன் எத்தனை ஆயிரம் வருடமாக நம் பக்கத்து நார்த்தையிலும் கிடாரங்காயிலும் கோடு போட்டுக்கொண்டிருந்ததோ!

1993 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஹோம்ஸ்டெட் என்ற ஊர்ப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள். ஒரே வருடத்தில் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. அதே 1993-ல் ஸ்பெயின். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஆரஞ்சுத் தோட்டமெல்லாம். நம் ஊரில் சும்மா கோடு போட்டுக்கொண்டிருந்தது அங்கே பேயாட்டம் ஆடியதற்குக் காரணம், அதன் பின்னாலேயே சுற்றும் குளவிகள் கூடப் போகவில்லை.

பிறகு குளவிகளைத் தேடி ஓடினார்கள். தாய்லாந்துப் பக்கத்துக் குளவி ஒன்று ஏற்கெனவே ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தது. அங்கிருந்து 1994-ல் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். அஜீனியாஸ்பிஸ் என்று பெயர். அது ஒரு முட்டை வைக்கும், அந்த ஒன்றே புழுவின் உடம்புக்குள் பல பிள்ளைகளாகப் பிரிந்துவிடும். மடிந்த ஓரத்தைப் பிரித்தால் ஒரு அந்துப்பூச்சிக் கூடு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் குளவிக் கூடுகள் படுத்திருக்கும். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சோற்றில் கை போகவில்லை. நல்லது செய்கிற பிராணி என்று தெரிந்தும்தான்.

1995-ல் மியாமி விமான நிலையத்தை ஒட்டிச் சொறி நோயும் வந்து சேர, அங்கே லட்சக்கணக்கில் மரங்களை வெட்டினார்கள். வீட்டு முற்றத்து மரங்களைக்கூட விடவில்லை. 2006-ல் அந்த ஒழிப்புத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

எங்கள் கோயில் நந்தவனத்து வில்வத்தில் இதே கோடு இருக்கிறது. எலுமிச்சைப் பூச்சிக்கு வில்வத்தில் என்ன வேலை? அந்த இலையை அர்ச்சனைக்கு எடுக்கலாமா?
*— நந்தவனப் பணியாளர், கும்பகோணம்*

இரண்டாவது கேள்விக்கு நான் ஆள் இல்லை, குருக்களைக் கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆள் நான்தான்.

வில்வமும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். இலையைக் கசக்கினால் மணக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிக்குத்தின மாதிரி எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். சாத்துக்குடி, கமலா, பம்பளிமாசு, நார்த்தை எல்லாவற்றுக்கும் இந்த அடையாளம் பொருந்தும். இந்தப் பூச்சிக்குச் சொந்தக்காரர் வீடு என்றால் இந்தக் குடும்பம்தான். கறிவேப்பிலையும் அதன் தங்கை காமினிச் செடியும் பட்டியலில் உண்டு, ஆனால் என் வீட்டுக் கறிவேப்பிலையில் ஒரு தரம்கூடக் கோடு பார்த்ததில்லை. பக்கத்திலேயே எலுமிச்சை துளிர்த்திருக்கும்போது அது ஏன் அங்கே போகப் போகிறது! குடும்பத்துக்கு வெளியே மல்லிகை, புங்கம், எலுமிச்சை மேல் படர்ந்த புல்லுருவி என்றும் பழைய பதிவுகள் இருக்கின்றன. அதெல்லாம் பந்தியில் இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கணக்கு. நிரந்தர வாசம் எலுமிச்சைக் குடும்பத்தில்தான்.

நந்தவனத்தில் மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். கோடு விழாமல் முத்திய தளமாகப் பார்த்துப் பறித்துக்கொள்ளுங்கள்.

தக்காளி, பூசணி, அவரை இலையிலும் இதே கோடு. எலுமிச்சையிலிருந்துதான் பரவியதா?
*— வாசகி, ஒட்டன்சத்திரம்*

பரவவில்லை. அது ஈ. கொசுவை விடச் சின்னதாக, மஞ்சளும் கறுப்புமாக ஒரு ஈயின் புழு செய்கிற வேலை. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் எச்சத்தைப் பாருங்கள். எலுமிச்சைக் கோட்டில் எச்சம் நடுவில் ஒரே வரியாக ஓடும். ஈயின் கோட்டில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி விழுந்திருக்கும். ஆள் யார் என்று கக்கூஸைப் பார்த்துச் சொல்கிற தொழில் என்னுடையது, என்ன செய்ய!

மானாவாரி நிலக்கடலையில் சுருள் பூச்சி. தூரத்திலிருந்து பார்த்தால் காடே தீய்ந்த மாதிரி இருக்கிறது. இதுவும் அந்த வகைதானா?
*— விவசாயி, திருவண்ணாமலை*

தூரத்துச் சொந்தம். இதுவும் அந்துப்பூச்சிதான், ஆனால் கறுத்த சிறகு, வேறு குடும்பம். முதலில் இலைக்குள் சுரங்கம் போடும். கொஞ்சம் பெரிதானதும் வெளியே வந்து, பக்கத்து இலைகளை நூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே உட்கார்ந்து தின்னும். அதனால்தான் பொசுங்கின நிறம். மழை தள்ளிப்போய்ச் செடி வாடுகிற வருடத்தில்தான் இது தலைவிரித்து ஆடும். ஒரு நல்ல மழை பெய்தால் பாதி அடங்கிவிடும். கடலையை விட்டால் துவரை, சோயாவுக்குப் போகும், ஆகவே சோயாவை ஊடுபயிராகப் போடாதீர்கள், கம்பு போடுங்கள். இரவு 8 மணியிலிருந்து 11 மணி வரை தரை மட்டத்தில் விளக்குப் பொறி வைத்தால் எத்தனை நடமாடுகின்றன என்று தெரிந்துவிடும்.

மகன் வியன்னாவில் இருக்கிறான். அங்கே தெருவோர மரங்களில் ஆகஸ்ட் மாதமே இலை பழுப்பாகிவிட்டதாம். 'அம்மா, இதுவும் உங்கள் பத்திரிகைப் பூச்சிதானாம்' என்று படம் அனுப்பினான். உண்மையா?
*— வாசகி, சேலம்*

பத்திரிகைப் பூச்சி! பேர் நன்றாக இருக்கிறது. மகன் சொன்னது கிட்டத்தட்டச் சரி. அங்கே அந்த மரத்தைக் குதிரைக் கஷ்கொட்டை என்பார்கள். இலைக்குள் இருப்பது நம் எலுமிச்சைப் பூச்சியின் குடும்பத்திலேயே வேறொன்று, கேமரேரியா என்று பெயர். 1984-ல் மாசிடோனியாவில் ஓஹ்ரிட் ஏரிக் கரையில் கண்டார்கள், 1986-ல் பெயர் வைத்தார்கள், 1989-ல் அது ஆஸ்திரியாவில் இருந்தது. பிறகு ஐரோப்பா முழுக்க.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பின்னால்தான். இது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் பிடிபடவில்லை. சிலர் அருங்காட்சியகங்களில் தாளில் அழுத்தி உலர்த்தி வைத்திருந்த பழைய இலைகளை எடுத்துப் புரட்டினார்கள். 1879-ல் கிரேக்க மலையில் பறித்த இலைக்குள் அதே புழு, தட்டையாக, காய்ந்துபோய்ப் படுத்திருந்தது. இலையைச் சேகரித்தவருக்கே தெரியாமல் நூறு வருடத்துக்கு மேலாக அங்கேயே இருந்திருக்கிறது. மலையில் தனியாகக் கிடந்த மரத்திலிருந்து ஊர்த் தெரு மரத்துக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

உதிர்ந்த இலைக்குள் கூட்டுப்புழுவாகக் குளிர்காலத்தைக் கழிக்கும். அதனால் அங்கே இலையுதிர் காலத்தில் சருகைக் கூட்டி அப்புறப்படுத்துகிறார்கள். சிவப்புப் பூப் பூக்கிற கஷ்கொட்டையை அது அவ்வளவாகத் தொடாது. மகனைத் தெருவில் போகும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். அந்த அந்துப்பூச்சியை உயிரோடு பார்க்க ஆசை. எப்படிப் பார்ப்பது பாட்டி?
*— மாணவி, போடி*

வா கண்ணு, உனக்குத்தான் காத்திருந்தேன்.

ஓரம் மடிந்த எலுமிச்சை இலையாகப் பார்த்து ஆறு ஏழு பறி. மடிப்பைப் பிரிக்காதே. பழைய ஊறுகாய் பாட்டிலை நன்றாகக் கழுவிக் காய வை, எண்ணெய் வாடை இருக்கக் கூடாது. காம்பை ஈரப் பஞ்சில் சுற்றி, இலைகளை உள்ளே போட்டு, வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் வளையம் போடு. வெயில் படாத ஜன்னலோரம் வை. தினம் காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் பார். ஒரு வாரம், பத்து நாளுக்குள் பாட்டில் சுவரில் வெள்ளையாக ஒரு துரும்பு ஒட்டியிருக்கும். துரும்புக்குச் சிறகு நுனியில் கறுப்புப் பொட்டு இருந்தால் அதுதான். பக்கத்தில் மடிப்பைப் பார், ஒரு ஓட்டை வழியாகக் காலிக் கூடு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டுப்புழுவின் தலையில் ஒரு முள் உண்டு, அதனால்தான் குத்திக்கொண்டு வெளியே வருகிறது.

சில மடிப்பிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் எறும்பை விடச் சின்னதாக, மினுங்குகிற குளவி வரும். பயப்படாதே, கொட்டாது. அதைத் துணியைத் திறந்து எலுமிச்சைச் செடி மேலேயே விட்டுவிடு. அந்துப்பூச்சி எத்தனை, குளவி எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. ஊறுகாய் பாட்டிலை அம்மாவிடம் கேட்டு எடு.